பத்தொன்பது வீட்டு முறை

எங்கள் வடக்குக் குழாய்த் தெருவில் வீடு பத்தொன்பது, குழாய் ஒன்று. எட்டு நாளைக்கு ஒருமுறை, காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் தண்ணீர் வரும், வீட்டுக்கு ஆறு குடம், ஆள் நிறைய இருந்தாலும் ஆறு, ஒத்தை ஆளாக இருந்தாலும் ஆறு, கவுன்சிலருக்குச் சொந்தக்காரி வந்து நின்றாலும் ஆறு, அதற்கு மேல் ஒரு செம்பு கூடக் கிடையாது என்று முறை போட்டு, முந்துகிறவளின் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்து, இருபத்திரண்டு வருஷமாக ஒரு மண்டை உடையாமல் நடத்தி வருகிறவள் நான், சண்முகக்கனி. கோவில்பட்டியில் இப்படி இன்னொரு தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், மாரிச்செல்வி டாக்டரான கதையில் நல்லதும் கெட்டதும் இந்த ஆறு குடத்திலிருந்துதான் வந்தது.

மாரிச்செல்வி ஏழாவது வீட்டுப் பெண். அப்பா தவசிலிங்கம் அண்ணன் மினி பஸ்ஸில் கண்டக்டர், அம்மா இல்லை. பிளஸ் டூ முடித்ததும் கிர்கிஸ்தான் என்கிற பனி தேசத்துக்குப் போய், ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று, ஆறு வருஷம் மருத்துவம் படித்து, பெட்டி நிறையப் புத்தகத்தோடு திரும்பி வந்தாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு ஊசி போட வேண்டுமென்றாலும் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டுமாம்: பாடம் பத்தொன்பது, கேள்வி முந்நூறு, நூற்றைம்பது வாங்கினால் டாக்டர், நூற்று நாற்பத்தொன்பது வாங்கினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். முதல் தடவை நூற்று இருபத்தெட்டு வாங்கினாள். இரண்டாவது தடவை, சென்னையில் விடுதியில் தங்கிக் கண் வீங்கப் படித்தும், நூற்று முப்பத்து மூன்றுதான் வந்தது. படித்ததெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று அவள் அப்பாவிடம் சொல்லி அழுதது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

எங்கே போனதென்று அடுத்த தண்ணீர் நாளில் தெரிந்துவிட்டது. பரோட்டா மாஸ்டர் கருத்தபாண்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மாவு தட்டுகிற மாதிரி ஒரு கையால் இன்னொரு கையைத் தட்டிக்கொண்டே, "ஒரு கையில எலும்பு இருபத்தேழு, மணிக்கட்டுல மட்டும் எட்டு" என்று சொல்லி, எட்டின் பெயரையும் இங்கிலீஷில் வரிசையாகச் சொன்னார். எட்டாம் வகுப்புத் தாண்டாத மனுஷன். அவர் சொல்லி முடிக்குமுன் பூக்கட்டுகிற ரெஜினா, "உசுரு போயி பன்னெண்டு மணி நேரத்துல உடம்பு முழுசா வெறச்சிரும் அண்ணாச்சி" என்றாள். மாவு மில் பால்வண்ணம் அண்ணாச்சி தன் முறைக்கு நின்ற கிழவியிடம், "மூட்டு வலின்னா ரெண்டு பக்கமும் வலிக்கா? காலையில எந்திரிச்சதும் எம்புட்டு நேரம் வெறப்பா இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஒன்பதாவதாக நின்ற மாரிச்செல்வி குடத்தைக் கீழே வைத்தாள்.

"சித்தி," என்றாள் என்னிடம், "இதெல்லாம் நான் மறந்துபோன பாடம்."

மறந்ததெல்லாம் எங்கள் தெருவில் வந்து குடியேறியிருந்தது, வீட்டுக்கு ஒரு பாடமாக, பத்தொன்பதும் பத்தொன்பது வீட்டில். உடற்கூறு பரோட்டா மாஸ்டருக்கு, பிண ஆராய்ச்சி ரெஜினாவுக்கு, எல்லாவற்றுக்கும் பெரிய பாடமான பொது மருத்துவம் மாவு மில்லுக்கு, காது மூக்கு தொண்டை அவளுடைய அப்பாவுக்கே. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று எங்களில் ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஏன் எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு எவருக்கும் பதில் கிடைத்ததில்லை, வந்தால் பிடித்து வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். நான்காவது வீட்டுக்காரர் மட்டும் இதை ரேஷன் கார்டில் ஏற்ற முடியுமா என்று தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மாவு மில்லில் அரைக்க எதுவும் இல்லாதவர்கள் கூட அரைக் கிலோ கோதுமையோடு வந்து நாடியைக் காட்டினார்கள். ரெஜினாவிடம் கல்யாண மாலைக்குச் சொல்ல வந்த வீட்டார், விஷம் குடித்தவன் வயிறு எந்த நிறத்தில் இருக்கும் என்று அவள் சரம் தொடுத்தபடியே சொன்னதைக் கேட்டு, வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். பத்தாவது வீட்டிலும் பதினொன்றாவது வீட்டிலும், உன் பாடம் பெரிசா என் பாடம் பெரிசா என்று ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு வந்தது தோல். நமைச்சல், படை, தேமல், சிரங்கு. தெருவையே கட்டி மேய்க்கிறவளுக்கு இதயமோ மூளையோ வரும் என்று நினைத்திருந்தேன், சொறி வந்தது.

திரும்ப வாங்குகிற வழியையும் மாரிச்செல்வியேதான் கண்டுபிடித்தாள். பாடம் இருக்கிறவர் தன் வேலையைச் செய்துகொண்டே சொல்ல வேண்டும், சும்மா உட்காரவைத்துக் கேட்டால் வராது. அவர் சொன்னதை அவள் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னால் அது அவளிடம் போய்விடும், சொன்னவருக்கு அந்த நிமிஷமே மறந்துவிடும். அப்படியானால் யாரிடம் எப்போது போவது, எவ்வளவு நேரம் உட்காருவது என்று திட்டம் போட வேண்டும். திட்டம் என்றால் இந்தத் தெருவில் என்னைத் தவிர யார்? "வீட்டுக்கு ஆறு முறை. முறைக்கு ஒரு மணி நேரம். யாரானாலும் ஆறு" என்றேன். மாரிச்செல்வி மெதுவாக, "சித்தி, மில்லு அண்ணாச்சி பாடத்துல முப்பத்து மூணு கேள்வி வருது, உங்க பாடத்துல அஞ்சுதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "அஞ்சுன்னா அது வீடு இல்லையா? நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். தெருவும் தலையை ஆட்டியது, நியாயம் அப்படித்தானே இங்கே பழகியிருக்கிறது.

அந்த நியாயத்தால்தான் அவள் மூன்றாவது தடவை தோற்றாள். என் வீட்டில் இரண்டு முறையிலேயே தோல் முழுக்கத் தீர்ந்துவிட்டது. மீதி நான்கு முறை காப்பி குடித்து, முருங்கைக்கீரை உருவி, ஊர்க்கதை பேசினோம். மாவு மில்லில் ஆறு முறை முடிந்தபோது இதயமும் நுரையீரலும்தான் வந்திருந்தன, சிறுநீரகமும் ஈரலும் மற்றதும் அண்ணாச்சியிடமே நின்றுவிட்டன. நூற்று முப்பத்தொன்பது. செய்தி வந்த காலையில் அவள் அழவில்லை, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டு வாசல் தெளித்தாள். அந்த நேரத்திலேயே வாங்கினதெல்லாம் அவளை விட்டு எங்களிடம் திரும்பி வந்தது. என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தோல் போன பிறகு அந்த இரண்டு மாதமும் எனக்குள்ளே ஓர் அறை காலியான மாதிரி இருந்தது, குழாயடியில் நின்றால் வெறும் குடமும் கையும்தான் தெரியும், அந்தக் கையின் தோலில் எதையும் படித்தறிய முடியாது. அது திரும்பி வந்தபோது, அந்தப் பிள்ளை தோற்றதால்தான் வந்தது என்று தெரிந்தும், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ஆவணி மாதம் என் வீட்டுக்காரர் உலகநாதன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது இடது முழங்கைக்குக் கீழே வெளிறின படை ஒன்றைப் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி, தலையணைப் பஞ்சை எடுத்துத் தொட்டேன். "எங்க தொடுறேன்?" என்றேன். "நீ எங்கட்டி தொட்ட?" என்றார். அது என்ன, என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பரிசோதித்த டாக்டர், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள், ஆறு மாதம் மாத்திரை, விரலுக்கோ நரம்புக்கோ ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு, இது தொழுநோயின் தொடக்கம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பாடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

புரட்டாசியில், தேர்வுக்குத் தொண்ணூறு நாள் இருக்கும்போது, மாரிச்செல்விக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக் கடிதம் வந்தது. அமெரிக்காவில் இருக்கிற நோயாளிகளின் நோய்க்கு எண் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை, தை முதல் தேதி சேர வேண்டும். தவசிலிங்கம் அண்ணன் மகளை உட்காரவைத்து, "இந்த ஒரு தடவ எழுதிப் பாரு தாயி. வரலன்னா அதுல சேர்ந்துரு. நோயாளி மொகத்தப் பாக்காட்டியும் நோயப் பாக்கலாம்லா" என்றார். அவள் சரி என்றாள்.

மறுநாள் தண்ணீர் நாள். மாரிச்செல்வி குடத்துக்குப் பதில் கரித்துண்டோடு வந்தாள். தொட்டிச் சுவரில் பத்தொன்பது வீட்டின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பழைய கேள்வித்தாள்களை எண்ணிப் பார்த்துத் தான் கண்ட எண்ணை எழுதினாள். மாவு மில் முப்பத்து மூன்று. கருத்தபாண்டி பதினேழு. ரெஜினா பத்து. சண்முகக்கனி ஐந்து. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, குரல் நடுங்கினாலும் நிறுத்தாமல் சொன்னாள். "இந்தத் தடவ ஆறு குடக் கணக்கு வேண்டாம். கேள்விக்குத் தக்கன முறை. காலையில தல தெளிவா இருக்கப்ப பெரிய வீடு, சாயந்தரம் சின்ன வீடு. வாங்குனது மூணாம் நாள் கசியுது, அதனால மூணாம் நாளும் பத்தாம் நாளும் அதே வீட்டுக்குத் திரும்பி வருவேன், கோவிச்சுக்கிடாதீங்க. ஞாயித்துக்கெழம முந்நூறு கேள்வியும் எழுதிப் பாப்பேன், எங்க தப்புதோ அந்த வீட்டுக்கு ஒரு முறை கூடும்." இருபத்தேழு வயசுப் பெண், மூன்று தடவை தோற்றவள், இருபது வருஷத்து முறையை என் முகத்துக்கு முன்னால் மாற்றினாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இந்த ஆறு குடத்தை நான் முதன்முதலில் ஆண்கள் மத்தியில் நின்று சொன்னபோது என் குரலும் இப்படித்தான் நடுங்கியது, அதுதான் ஞாபகம் வந்தது.

முறையெல்லாம் கூட்டிப் பார்த்ததில், இருக்கிற தொண்ணூறு நாளில் நான்கு நாள் போதவில்லை. எந்த வீட்டில் வெட்டுவது என்று எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என் அஞ்ச விட்டுத் தள்ளு. அந்த நாளையும் மில்லுக்கே குடுத்துரு" என்றேன். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பால்வண்ணம் அண்ணாச்சி, இந்த மனசு யாருக்கு வரும் என்று நாலு தெருவுக்குச் சொன்னார். மனசாவது மண்ணாங்கட்டியாவது. எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை, அதைத் தியாகம் மாதிரி சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை படித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மில்லில் மாவுத் தூசி படிந்து புருவம் வெளுக்க, பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஈரலைத் திருப்பிச் சொல்வாள். பரோட்டாக் கல்லின் அனலில் நின்று நரம்பை எண்ணுவாள். அப்பாவின் மினி பஸ்ஸில் கடலையூர் வரைக்கும் போய்த் திரும்பி, அவர் டிக்கெட் கிழித்தபடி சொல்கிற காதையும் மூக்கையும் ஜன்னலோரமாக நின்று வாங்குவாள். வாங்கின பாடத்தோடு அந்த வீட்டின் பழக்கமும் சேர்ந்து வந்தது. எலும்பைச் சொல்லும்போது கை தானாக மாவு தட்டும், விஷத்தைச் சொல்லும்போது விரல் பூத் தொடுக்கும். மூன்று தடவை தோற்ற பிள்ளையா இது என்று எங்களுக்கே மலைப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயடியில் தெருவே கூடிக் கேள்வி வாசிக்கும், தவசிலிங்கம் அண்ணன் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு விசில் ஊதுவார், மதியத்துக்கு மேல் இன்னொரு இரண்டரை மணி நேரம். நூற்று முப்பத்தாறு. நூற்று நாற்பத்திரண்டு. நூற்று நாற்பத்தேழு. ஒவ்வொரு வீடாகக் காலியானது. பால்வண்ணம் அண்ணாச்சி நாடி பார்க்க வந்தவர்களிடம், "எனக்குத் தெரியாதே தாயி, கோதுமை மட்டும் குடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. நிறைய வைத்திருந்தவர்களே கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க, ஐந்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் வரிசையை மிரட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஞாயிறு நூற்று நாற்பத்தெட்டு. தாளைத் திருத்தின ரெஜினா மறுபடி எண்ணினாள், அப்போதும் நூற்று நாற்பத்தெட்டுதான். "பரீட்சையன்னைக்கு ரெண்டு கேள்வி அதிகமா அதிர்ஷ்டம் அடிச்சிரும்" என்றார் கருத்தபாண்டி. மாரிச்செல்வி தாளில் தோல் கேள்வி ஐந்துக்கும் நேரே விட்ட வெற்றிடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூடத் தேவலை.

தேர்வு மதுரையில். முந்தின நாள் காலையிலேயே அவள் புறப்பட்டாள், அதுவும் தண்ணீர் நாளாக அமைந்தது. நான் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தி, மூன்றாவது வீட்டுக்கு நான்காவது குடம் நிறைகிற நேரம், அவள் பையோடு தெருமுனை திரும்புவதைப் பார்த்தேன். குடத்தை அப்படியே விட்டேன். "ரெஜினா, முறையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, செருப்புக் கூட இல்லாமல் ஓடி, புறப்பட்ட மதுரை பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறி, அவள் பக்கத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்தேன்.

"சித்தி, என்ன இது?"

"வாயப் பேசாத. திருப்பிச் சொல்லு."

வேலை செய்துகொண்டேதான் சொல்ல வேண்டும். என் வேலை வரிசை போடுவது. பஸ்ஸில் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. நின்றவர்களை வயசு வாரியாகப் பிரித்து, கைக்குழந்தைக்காரிக்கு இடம் வாங்கிக் கொடுத்து, படியில் தொங்கினவனை உள்ளே தள்ளி, அதட்டிக்கொண்டே சொன்னேன். வட்டப் படையின் ஓரம் சிவந்து நடு தெளிந்திருக்கும் என்று சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள், சாத்தூர் வரும்போது எனக்கு வட்டப் படை என்றால் என்னவென்று தெரியவில்லை. செதிலைச் சுரண்டினால் பொட்டுப் பொட்டாக ரத்தம் வருகிற நோயை விருதுநகரில் கொடுத்தேன். விரலிடுக்குச் சிரங்கு வந்தால் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும் என்பது திருமங்கலத்துக்கு முன்னால் போனது. அதற்குப் பிறகு நான் கூட்டத்தை மட்டும்தான் அதட்டினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சித்தி," என்றாள் அவள். "வெளிறின படை."

"சித்தப்பா கை," என்றேன். "இதுவும் போச்சுன்னா அவருக்கு எதுக்கு மாத்திர குடுக்கேன்னே எனக்குத் தெரியாதே."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துத் தாளைக் கிழித்து எழுதினாள்: சித்தப்பாவுக்கு மாத்திரையை மாசி வரைக்கும் ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது. சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். நான் அதை வாங்கித் துண்டின் முனையில் முடிந்துகொண்டேன். பிறகு முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, "யாரானாலும் முறைதான், பின்னால போ" என்று அதட்டினேன், அதட்டின கையோடு அவள் பக்கம் குனிந்து, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவதையும், தொட்டது தெரியாவிட்டால் என்ன அர்த்தம் என்பதையும், பயப்படாதே குணமாகும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது நான் வெறுங்காலோடு நைட்டியில் நின்ற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். அவள் போன பிறகு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

வீட்டுக்கு வந்தால், தண்ணீர் சண்டையில்லாமல் முடிந்திருந்தது. என் வீட்டு ஆறு குடமும் நிறைந்து வாசலில் இருந்தது. உலகநாதன் கையிலிருந்த வெளுப்பைப் பார்த்து, "சுண்ணாம்பு ஒட்டியிருக்கு, கழுவுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்தார். தாளை எடுத்து இரண்டு தடவை படித்தேன், ஏனென்று தெரியவில்லை, ஆனால் மாத்திரையைக் கொடுத்தேன். மாசி வரைக்கும் ஒரு நாள் விடாமல் கொடுத்தேன்.

மார்கழிக் கடைசியில் முடிவு வந்தது. தவசிலிங்கம் அண்ணன் பஸ்ஸை எங்கள் தெருமுனையில் நிறுத்தி, பயணிகள் எல்லாரும் பார்க்க, விசிலை ஊதிக்கொண்டே இறங்கி ஓடி வந்தார். நூற்றைம்பத்திரண்டு. தோலில் வந்த ஐந்தில் நான்கு சரியாம். ரெஜினா விரல் விட்டு அந்த நான்கைக் கழித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பாடம் எதுவும் எங்களிடம் திரும்பி வரவில்லை. காலியாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறவளைத் தினமும் தெருவில் பார்த்தோம்.

ஒரு வருஷம் பயிற்சி முடித்து, இப்போது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருக்கிறாள். போன வாரம் எனக்குக் கணுக்காலில் ஏதோ தடிப்பு, என்னவென்று பார்த்தால் தெரியவில்லை, போனேன். டோக்கன் நாற்பத்தொன்று. கால் கடுக்க நிற்க எனக்கென்ன தலையெழுத்து, நம் பிள்ளைதானே என்று வரிசையைத் தாண்டி நேரே கதவைத் தள்ளினேன். உள்ளே அவள் ஒரு கிழவரின் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்க தாத்தா, கொணமாகும்" என்றாள் முதலில். அந்தக் குரலில் அதட்டல் இருந்தது, இருபத்திரண்டு வருஷக் குழாயடி இருந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு, ஆனால் கை கதவைக் காட்டியது.

"சித்தி, யாரானாலும் முறைதான். பின்னால போங்க."

நான் வெளியே வந்து வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள், டாக்டர் ரொம்பக் கறாரோ என்று கேட்டாள். ஆமாம், எங்கள் தெருப் பிள்ளை என்றேன்.